காவலன் கையில் ஒரு பட்டியல்



திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? வழியில் செஞ்சி வரும். உருண்டைப் பாறைகளை அள்ளிக் குவித்தாற்போல் குன்றுகள் நிற்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் வளைத்து ஒரு நீண்ட மதில் ஓடும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளுள் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

இந்தக் கோட்டையின் வரலாற்றில் இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1690-இல் மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் செஞ்சியை முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். முற்றுகை 1698 வரை நீண்டது. கோட்டையைப் பிடிக்க எட்டு ஆண்டுகள் ஆயின! ஆனால் 1750-இல் பிரெஞ்சுப் படை வந்தது. வாயிலை வெடிவைத்துத் தகர்த்தது. இருளிலேயே குன்றுகளின் மேல் ஏறியது. ஒரே இரவில் கோட்டை கைமாறிவிட்டது.

அதே குன்றுகள், அதே மதில்கள். ஒருமுறை எட்டு ஆண்டுகள். மறுமுறை ஓர் இரவு. அப்படியானால் ஒரு கோட்டையின் வலிமையை எதைக் கொண்டு அளப்பது? மதிலின் உயரத்தைக் கொண்டா? அது காட்டும் கம்பீரத்தைக் கொண்டா? பகைவன் உள்ளே வர எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதுதான் சரியான அளவுகோல். இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு, இன்று நீங்கள் ஒவ்வொருவரும் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கோட்டையை அளந்து பார்ப்போம். அதுதான் உங்கள் கடவுச்சொல்.

எட்டு இலக்கப் பூட்டு

பல இடங்களில் மாணவர்களுக்குக் கணக்குத் தொடங்கும்போது பிறந்த தேதியையே கடவுச்சொல்லாகக் கொடுத்துவிடுகிறார்கள். நாள், மாதம், ஆண்டு என்று எட்டு இலக்கங்கள். எட்டு இலக்கம் என்றால் 10 கோடி விதமாக எழுதலாமே. இதை யார் கண்டுபிடிப்பது என்று தோன்றும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வகுப்பில் படிப்பவர்கள் ஏறக்குறைய மூன்று ஆண்டு இடைவெளிக்குள் பிறந்தவர்கள். மூன்று ஆண்டுகளில் உள்ள நாட்கள், லீப் ஆண்டு ஒன்றையும் சேர்த்து, 1,096. ஆக, 10 கோடி என்று தோன்றிய பூட்டுக்கு உண்மையில் 1,096 சாவிகள்தாம். ஒரு சாவியைப் போட்டுப் பார்க்கப் பத்து விநாடி என்று வைத்துக்கொண்டாலும், எல்லாவற்றையும் முயன்று முடிக்க மூன்று மணி நேரம் போதும். அதுவும் உங்களை அறியாதவனுக்குத்தான் அத்தனை நேரம். பிறந்தநாளன்று நீங்கள் மிட்டாய் கொடுத்த வகுப்புத் தோழனுக்கு ஒரே முயற்சி!

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. கடவுச்சொல்லில் எத்தனை எழுத்துகள் இருக்கின்றன என்பது பாதிக் கதைதான். அந்தச் சொல் எத்தனை சொற்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதே முழுக் கதை.

சொற்பட்டியல் பிறந்த கதை

மனிதர்கள் எப்படிப்பட்ட சொற்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? இதை முறையாக ஆராய்ந்தவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் ஆகிய இருவர். 1979-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையில் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 2,831 சொற்கள், அதாவது 100-க்கு 86, மிகக் குட்டையானவையாகவோ அகராதியிலும் பெயர்ப் பட்டியலிலும் உள்ளவையாகவோ இருந்தன.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1988 நவம்பரில், அதே ராபர்ட் மாரிஸின் மகன் எழுதி வெளியே விட்ட ஒரு நிரல் புழுவைப்போலப் பரவி, சில ஆயிரம் கணிப்பொறிகளைத் திணறடித்தது. அது உள்ளே நுழையக் கையாண்ட வழிகளில் ஒன்று என்ன தெரியுமா? 432 சொற்கள் கொண்ட ஒரு சிறு பட்டியல். அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. பல கதவுகள் திறந்துகொண்டன. தந்தை கண்டறிந்த உண்மையை மகனின் நிரல் ஊரறியச் செய்துவிட்டது.

2009-இல் நடந்தது இன்னும் பெரிது. ராக்யூ என்ற இணைய நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 இலட்சம் பேரின் கடவுச்சொற்கள் களவு போயின. அவற்றை மறைத்து எழுதாமல் அப்படியே வைத்திருந்தார்கள்! ‘123456’ என்பதை மட்டும் 2 இலட்சத்து 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வைத்திருந்தனர். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதை நீக்கிய பின் மிஞ்சியவை ஏறத்தாழ 1 கோடியே 43 இலட்சம். அந்தப் பட்டியல் இன்றும் உலவுகிறது.

சொற்பட்டியல் எப்படிப் பயன்படுகிறது? நல்ல நிறுவனங்கள் உங்கள் கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதில்லை. அதை ஒரு கணக்கு முறையால் அரைத்து, வரும் மாவை மட்டும் வைத்துக்கொள்கின்றன. மாவிலிருந்து அரிசியைத் திரும்பப் பெற முடியாது அல்லவா? ஆனால் களவாடியவன் வேறொன்று செய்யலாம். பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் அதே முறையில் அரைத்து, எந்த மாவு ஒத்துப்போகிறது என்று பார்க்கலாம். எளிய அரைக்கும் முறையாக இருந்தால், இன்றைய கணிப்பொறிக் கருவிகள் நொடிக்குப் பல நூறு கோடிச் சொற்களை அரைத்துப் பார்த்துவிடும். பட்டியலில் இருக்கும் சொல் கண் இமைப்பதற்குள் அகப்பட்டுவிடும்.

இரண்டு விரல் கணக்கு

பட்டியல்கள் பல இடங்களிலிருந்து வருகின்றன. அவற்றை ஒன்றாக்க வேண்டும். இரட்டிப்புகளை நீக்க வேண்டும். இதைச் செய்ய மாயவித்தை எதுவும் தேவையில்லை. நீங்களே தாளில் செய்து பார்க்கலாம்.

முதல் பட்டியல்: கண்ணன், செஞ்சி, தாமரை, மயில்.
இரண்டாம் பட்டியல்: அன்பு, செஞ்சி, மயில், வெற்றி.

இரண்டும் அகரவரிசையில் உள்ளன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு விரலை வையுங்கள். கண்ணனா, அன்பா? அன்பு முந்தியது, எழுதிவிட்டு அந்த விரலை நகர்த்துங்கள். கண்ணனா, செஞ்சியா? கண்ணன். அடுத்து இரு விரல்களும் செஞ்சியில் நிற்கின்றன. ஒருமுறை மட்டும் எழுதி இரண்டையும் நகர்த்துங்கள். பிறகு தாமரை. பிறகு மயில், இதுவும் ஒருமுறைதான். மீதி வெற்றி. ஐந்தே ஒப்பீடுகளில் எட்டுச் சொற்கள் ஆறாகி, வரிசையும் கெடாமல் வந்துவிட்டன. வரிசைப்படுத்திய துண்டுகளை இவ்வாறு இணைத்து இணைத்தே பெரிய பட்டியலையும் வரிசைப்படுத்தலாம் என்ற முறையை 1945-இல் வகுத்தவர் கணித மேதை ஜான் வான் நாய்மன்.

வரிசைப்படுத்தாமல் இருந்தால் என்ன ஆகும்? பத்து இலட்சம் சொற்கள் கொண்ட இரு பட்டியல்களில் ஒவ்வொரு சொல்லையும் மற்றதிலுள்ள ஒவ்வொன்றுடனும் ஒப்பிட்டால் 1 இலட்சம் கோடி ஒப்பீடுகள். வரிசைப்படுத்தச் சுமார் 2 கோடி ஒப்பீடுகள் வீதம் 4 கோடி, இணைக்க 20 இலட்சத்துக்குள், ஆக மொத்தம் 4 கோடியே 20 இலட்சத்தில் வேலை முடிந்துவிடும். ஒழுங்கு என்பது எவ்வளவு பெரிய சேமிப்பு, பாருங்கள்!

யூனிக்ஸ் என்ற இயக்க அமைப்பில் 1970-களின் தொடக்கத்திலேயே இதற்கான கட்டளைகள் வந்துவிட்டன. அதன் வழிவந்த லினக்ஸிலும் அவை இருக்கின்றன. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும் உண்டு. படங்களைச் சொடுக்குவதற்குப் பதிலாக, வெறும் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். ‘சார்ட்’ என்ற கட்டளை வரிகளை வரிசைப்படுத்தும். அதனுடன் ஒரு சிறு கோடும் ‘யூ’ எழுத்தும் சேர்த்து இரு கோப்புகளின் பெயர்களையும் கொடுத்தால், இணைத்து, இரட்டிப்பை நீக்கித் தந்துவிடும். ‘யூனிக்’ என்ற மற்றொரு கட்டளை அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரி வரிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். அடுத்தடுத்து வந்தால்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். ஆகவே முதலில் வரிசைப்படுத்தியாக வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. நமக்கு ஒன்றாகத் தெரிவது கணிப்பொறிக்கு ஒன்றாகத் தெரியாது. சொல்லின் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தால் அது வேறு சொல். தமிழில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. யூனிக்கோடு முறையில் ‘கொ’ என்ற எழுத்தைக் ககரமும் ஒகரக் குறியும் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம்; ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கட்டளைக்கோ ‘கொடி’ இரண்டு கொடிகளாகிவிடும். ஆகவே இணைப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே முறைக்குக் கொண்டுவர வேண்டும்.

மற்றொன்று: இரட்டிப்பை நீக்கும்போது ஒரு சொல் எத்தனை முறை வந்தது என்ற செய்தியும் போய்விடுகிறது. ‘123456’-உம் ஒரே ஒருவர் வைத்திருந்த சொல்லும் சமமாகிவிடுகின்றன. ‘யூனிக்’ கட்டளையுடன் சிறு கோடும் ‘சி’ எழுத்தும் சேர்த்தால் எண்ணிக்கையையும் எழுதித் தரும். எந்தச் சொல் அதிக ஆபத்தானது என்று சொல்வது அந்த எண்ணிக்கைதான்.

இதை மாணவருக்குச் சொல்லலாமா?

“இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது திருடன் கையில் சாவி கொடுப்பது போல ஆகாதா?” என்று பெரியவர்கள் சிலர் கேட்பார்கள். அவர்களுடைய கவலை நியாயமானது. ஆனால் நான் அதற்கு உடன்படவில்லை.

திருடனிடம் அந்தப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பார்க்காதவர்கள் பூட்டுப் போடுகிறவர்கள் மட்டுமே. வாயிற்காவலன் கையிலும் அதே பட்டியல் இருந்தால் என்ன ஆகும்? நீங்கள் புதிய கடவுச்சொல்லை எழுதும்போதே, “இது பட்டியலில் இருக்கிறது, வேறு கொண்டு வாருங்கள்” என்று அவன் திருப்பி அனுப்பிவிடுவான்.

இது வெறும் கற்பனையன்று. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி இதைத்தான் சொல்கிறது: புதிய கடவுச்சொல்லைக் கசிந்த சொற்களின் பட்டியலோடு ஒப்பிடுங்கள், “ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறி” என்று வற்புறுத்தாதீர்கள், காரணமின்றி அடிக்கடி மாற்றச் சொல்லாதீர்கள். அதே 2017-இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டிராய் ஹண்ட் பல கசிவுகளை ஒன்றாக்கி, இரட்டிப்பு நீக்கி, 30 கோடிக்கும் மேற்பட்ட கடவுச்சொற்களின் பட்டியலை அரைத்த மாவாகவே பொதுவில் வைத்தார். 2018-இல் ஒவ்வொன்றும் எத்தனை முறை கசிந்தது என்ற எண்ணிக்கையையும் சேர்த்தார். இரண்டு விரல் கணக்குதான். ஆனால் இங்கே அது காவலனுக்கு வேலை செய்கிறது.

ஆனாலும் நம்மிடையே இன்னும் அலங்கார விதிதான் செல்வாக்கோடு இருக்கிறது. பெயரின் முதலெழுத்தைப் பெரிதாக்கி, கடைசியில் ‘@123’ சேர்த்தால் சரி என்கிறார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே அலங்காரத்தைச் செய்தால் அதுவும் ஒரு பட்டியல்தானே? தமிழ்ச் சொல்லை ரோமன் எழுத்தில் எழுதினால் தப்பலாம் என்பதும் வீண் நம்பிக்கை. பட்டியல்கள் மக்கள் எழுதிய சொற்களிலிருந்து வருபவை. தமிழரும் மக்களில் அடக்கம்.

ஆகவே என் கருத்து இதுதான். மாணவர்களுக்குக் கணக்குத் தரும் ஒவ்வோர் இடத்திலும் பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். அலங்கார விதியை எடுத்துவிட்டு, வாயிலில் பட்டியலை வைக்க வேண்டும். அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது என்பதைக் கணிப்பொறி வகுப்பில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பிறர் பெயரும் கடவுச்சொல்லும் இணைந்த களவுக் கோப்புகளைத் தேடிப் போகாதீர்கள். விளையாட்டுக்காகக்கூடப் பிறர் கணக்கில் முயன்று பார்க்காதீர்கள். பிறருடைய கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துவோருக்கு நம் நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்று ஆண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

நாமே ஒரு பட்டியல் செய்வோம்

பட்டியலில் உள்ள சொல் ஆபத்து என்று இதுவரை சொன்னேன். இப்போது ஒரு வியப்பு. ஊரறிந்த பட்டியலிலிருந்தே மிக வலிமையான கடவுச்சொல்லை எடுக்கலாம்!

1995-இல் ஆர்னால்டு ரைன்ஹோல்டு என்பவர் 7,776 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார். ஏன் 7,776? ஒரு பகடையை ஐந்து முறை உருட்டினால் 6×6×6×6×6 = 7,776 விதமாக விழலாம். ஒவ்வொரு விழுகைக்கும் ஒரு சொல். ஆறு சொற்களை இவ்வாறு பகடையால் எடுத்துக் கோத்தால், நொடிக்கு 1,000 கோடி முறை முயலும் எதிரி, பட்டியலைக் கையிலேயே வைத்திருந்தாலும், எல்லாவற்றையும் முயன்று முடிக்க ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டுகள் ஆகும். காரணம், சொல்லைத் தேர்ந்தெடுத்தது உங்கள் மனம் அல்ல, பகடை. மனத்துக்குப் பிடித்த சொற்கள் சிலவே. பகடைக்கோ விருப்பு வெறுப்பு இல்லை.

உங்கள் வகுப்பில் தமிழில் இப்படியொரு பட்டியலைச் செய்து பாருங்களேன்! நாற்பது பேர் ஆளுக்கு 300 சொற்கள் வீதம் பாடநூல்களிலிருந்து எடுத்தால் 12,000. ஒரே யூனிக்கோடு முறைக்குக் கொண்டுவந்து, இணைத்து, இரட்டிப்பை நீக்குங்கள். 7,776-க்குக் குறைந்தால் இன்னும் தேடுங்கள். மிஞ்சினால் கடினமானவற்றை விடுங்கள். நாற்பது பேரும் எத்தனை முறை ஒரே சொல்லை எழுதியிருக்கிறீர்கள் என்பதை ‘யூனிக்’ எண்ணிக் காட்டும்போது, மனித மனங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் கண்ணாரக் காண்பீர்கள். இந்தக் கட்டுரையின் செய்தி முழுவதும் அந்த எண்ணிக்கையில் இருக்கிறது.

ஒருநாள் ராஜகிரியின் உச்சிக்கு ஏறுங்கள். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து ஆழமான இடுக்கு ஒன்று இருக்கும். அதைக் கடக்க ஒரு குறுகலான பாலம். எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் ஓரிருவராகத்தான் கடக்க முடியும். ஐந்து முறை தவறினால் சிறிது நேரம் பொறுத்திருக்கச் சொல்லும் இணையக் கணக்கும் இதே தந்திரத்தைத்தான் செய்கிறது. ஆனால் கோப்பு களவு போய்விட்டால் பாலத்துக்கு வேலையில்லை. களவாடியவன் தன் வீட்டிலிருந்தபடியே நொடிக்குக் கோடிக்கணக்கில் முயல்வான். அப்போது உங்களைக் காக்க எஞ்சி நிற்பது நீங்கள் தேர்ந்தெடுத்த சொல் ஒன்றுதான்.

அது எட்டு ஆண்டுகள் தாங்குமா, ஓர் இரவில் வீழுமா? இன்றே உங்கள் கடவுச்சொல்லை எடுத்து அளந்து பாருங்கள்.